பாகலேது என்று ஒரு சீட்டு

என் அருமை மகள் கிருபாவதிக்கு,

உன் பெயரை இப்படி முழுதாக எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. இப்போதுகூடக் கை ‘பாகலு’ என்று எழுதத்தான் போனது. ‘பா’ போட்டு அடித்திருக்கிறேன், மேலே பார். யுத்தத்தில் காகிதம் கிடைப்பது பாடாக இருக்கிறது, அதனால் வேறு தாள் எடுக்கவில்லை. நீ பிச்சாட்டூரில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற டீச்சர், இந்த அடித்தலைப் பார்த்தால் சிவப்பு மை எடுப்பாய். எடுத்துக்கொள். இந்தக் கடிதத்தில் நீ திருத்த வேண்டியது நிறைய இருக்கிறது.

போன ஞாயிறு உன் கல்யாண ஓலை மூன்றாம் முறையாக வாசித்தாயிற்று. போதகர் உன் பெயரைச் சொன்னதும் பின் பெஞ்சிலிருந்து உன் பெரியப்பா, “கிருபாவதியா, யாரு அது? ஓ, நம்ம பாகலா!” என்றார். கோயில் என்றும் பாராமல் நாலைந்து பேர் சிரித்தார்கள். வெளியே வந்ததும் திருப்பதியிலிருந்து வந்திருந்த உன் மாமனார், அதென்ன பாகல் என்று கேட்டார். உன் நைனாவுக்கு முகமெல்லாம் பல். “அது பெரிய கத சம்பந்தி. கல்யாண விருந்துல எல்லார் முன்னாடியும் சொல்றேன்” என்றார். அன்று சாயங்காலமே தோட்டத்தில் நடந்துகொண்டே அதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டார். பத்து வயதில் நீ ஒரு சீட்டைத் தப்பாகப் படித்துச் சாகக் கிடந்த அப்பனுக்குக் கூடை நிறையப் பாகற்காய் அனுப்பிவைத்த கதை. பன்னிரண்டு வருஷமாக நம் வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன்னால் வருகிற கதை.

கிருபா, அந்தக் கதை பொய். அதைக் கட்டியவள் நான். நீ புகுந்த வீட்டுக்குப் போகும்போது பெட்டியில் புடவையோடு அந்தப் பொய்யும் போய்விடக்கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன். தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று போதகர் மூன்று ஞாயிறும் கேட்டாரே, உன் கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்லை. அந்தக் கதைக்கு இருக்கிறது. வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நீ சின்னவள், உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும், பாதி இருக்காது. ஆகையால் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் நைனா அப்போது திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சித்தூருக்கே மாற்றல் வரும் வரும் என்று நம்பி நாம் இங்கேயே இருந்தோம். அவர் அங்கே ஒரு நாயுடுகாரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை விடியற்காலை ரயிலுக்குப் போவார். ஒரு வருஷமாக ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். ஒரு கூஜாத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார், கால் மணி கழித்து இன்னொன்று கேட்பார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியல் அறைத் தண்ணீர் போகிற சந்தில் எறும்பு மொய்த்துக் கிடந்ததைப் பார்த்தேன். எங்கள் வாலாஜா பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். மிஷன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் அவர் நீரை எட்டுச் சொட்டு விட்டுக் காய்ச்சினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது. அந்த நிறத்தை நான் மறக்கவே இல்லை.

டாக்டர் நிறைய சொன்னார். சோற்றைப் பாதியாகக் குறைக்க வேண்டும், சர்க்கரை வெல்லம் கூடாது, காலில் முதுகில் புண் வராமல் பார்க்க வேண்டும், மாதம் ஒரு முறை வந்து காட்ட வேண்டும். கடைசியாக, காய்கறி நிறைய சாப்பிடட்டும், பாகற்காய் ரொம்ப நல்லது என்றார். எனக்கு மற்றதெல்லாம் ஒரு காதில் போய் இன்னொன்றில் வந்துவிட்டது. பாகற்காய் மட்டும் தங்கிவிட்டது. கசப்பாக இருக்கிறது, ஆகையால் மருந்து, ஆகையால் இது போதும். என் புத்தி அவ்வளவுதான் போயிற்று. உனக்கு நான் சொல்கிற முதல் புத்தி இதுதான்: வைத்தியர் பத்து சொன்னால் நமக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வராதே. எழுதி வாங்கிக்கொள்.

அந்த ஆடியில் கொல்லையில் விதை போட்டோம். விதையை ராத்திரி முழுதும் தண்ணீரில் ஊறப்போட்டு, ஈரத் துணியில் கட்டி, முளை மூக்கு நீட்டியதும் நீதான் ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் வைத்தாய். சவுக்குக் கழி நட்டுக் கயிறு கட்டிப் பந்தல் போட்டோம். சித்தூரில் தண்ணீர் என்ன கொட்டியா கிடக்கிறது, அரிசி களைந்த நீரும் பாத்திரம் கழுவின நீரும்தான் அதற்குப் பாசனம். இலைக்கு வண்டு வந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவுவாய். ஈ குத்திக் காய் அழுகிப்போகிறது என்று பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னப் பை தைத்துப் பிஞ்சுகளுக்கு மாட்டினாயே, பந்தல் முழுதும் கோவணம் கட்டின பிள்ளைகள் தொங்குகிற மாதிரி இருக்கும். பூவின் பின்னால் குட்டிக் காய் ஒட்டியிருந்தால்தான் அது காய்க்கிற பூ, மற்றது சும்மா என்று உனக்கு நான் சொல்லவில்லை, நீயே பார்த்துக் கண்டுபிடித்து எனக்குச் சொன்னாய். அந்த வயதிலேயே எதையும் உற்றுப் பார்க்கிற கண் உனக்கு. இது பின்னால் வரப்போகிற சங்கதிக்கு முக்கியம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

காய்த்தது என்றால் அப்படிக் காய்த்தது. தெருவில் எல்லாரும் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் உன் நைனா ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு எழுந்து கொல்லைக்குப் போய்த் துப்பினார். “இத துன்றதுக்கு அந்த வியாதியே தேவலாம்” என்றார். அடுத்த வீட்டு ரத்னம்மா, வேகவைத்துப் பிழிந்து புளியும் வெல்லமும் போட்டுச் சுண்டவை, கசப்பே தெரியாது என்று தெலுங்கில் சொல்லி, கை ஜாடையில் காட்டினாள். காட்டின அளவு ஒரு முஷ்டி வெல்லம். நான் போட்டது ஒன்றரை. உன் நைனா தட்டை வழித்துச் சாப்பிட்டார். சர்க்கரை வியாதிக்காரனுக்கு மருந்தை வெல்லப் பாகில் ஊறவைத்துக் கொடுத்த மகராசி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாரம் ஒரு கூடை காயும், ஒரு தூக்கில் அந்த வெல்லத் தொக்கும் திருப்பதிக்குப் போயிற்று. காயை நாயுடுகாரு வீட்டம்மா வறுத்துத் தருவாள், தொக்கு வாரம் முழுதும் வரும். அவர் இன்னும் இளைத்தார். காய் போதவில்லை என்று நினைத்து இன்னும் அனுப்பினேன்.

கூடை எப்படிப் போகும் என்பது உனக்கு நினைவிருக்கும். பூக்கார மங்கம்மா தினம் காலை ரயிலில் திருப்பதிக்குப் பூ கொண்டு போவாள். நம் கூடையை அங்கே ஸ்டேஷன் வாசல் சோடாக்கடையில் வைத்துவிடுவாள். நாயுடுகாரு அந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொண்டு, வெறுங்கூடையைக் கடையில் வைப்பார். மறுநாள் மங்கம்மா கொண்டு வருவாள். அப்படி ஒரு புதன்கிழமை சாயங்காலம் வெறுங்கூடை வந்தது. கூடையின் பிடியில் ஒரு சீட்டு நூலால் கட்டியிருந்தது. நாயுடுகாரு தெலுங்குக்காரர். வேலூரில் சில வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் எழுத்து பழகியிருந்தார். தமிழ் பேச ஆரம்பித்தால் பாதியில் அவருக்குத் தெரியாமலே தெலுங்கு வந்துவிடும். எழுத்திலும் அப்படித்தான். பென்சிலால், குண்டு குண்டு எழுத்தில், இரண்டே வரி:

ஐயாவுக்கு பாகலேது.
உடனே அனுப்பவும்.

நான் வாய்விட்டுப் படித்தேன். ‘லேது’ என்றால் இல்லை என்று தெரிகிற அளவுக்குத் தெலுங்கு எனக்கும் வந்திருந்தது. ஐயாவுக்குப் பாகல் இல்லை, உடனே அனுப்பவும். வெறுங்கூடையில் கட்டி வந்த சீட்டு வேறு என்ன சொல்லும்? எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. துப்பின மனுஷன் இப்போது கேட்டு ஆள் விடுகிறார் என்று. உன்னைக் கூப்பிட்டு, “பாத்தியா உங்க நைனாவ? பாகல் இல்லாம அவரால இருக்க முடியலியாம்” என்று சீட்டை உன் கையில் கொடுத்தேன்.

நீ அதை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் படித்தாய். பச்சைப் பாவாடை கட்டியிருந்தாய், பல் ஒன்று விழுந்திருந்தது. நீ சொன்னதை எழுத்துக்கு எழுத்து எழுதுகிறேன். “அம்மா, இது பாகல் இல்லம்மா. பாகல்னா ‘ல்’லுக்கு அப்புறம் இன்னொரு ‘லே’ வரணுமில்ல? இது பாகலேது. தெலுங்கு. நைனாவுக்கு ஒடம்பு நல்லா இல்லன்னு எழுதிக்கீது. ஆள அனுப்பச் சொல்றாரு.”

தெருவில் தெலுங்குப் பிள்ளைகளோடு விளையாடி நீ அந்தப் பாஷையைக் குடித்து வளர்ந்தவள். எனக்கோ ரத்னம்மா கை ஜாடை காட்டினால்தான் விளங்கும். தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘பா’தான், வாயால் சொன்னால்தான் வித்தியாசம். அதைப் பத்து வயதுப் பெண் கண்டுபிடித்துச் சொல்கிறது. நான் என்ன செய்தேன்? “தெலுங்குக்காரரு தமிழ்ல எழுதறப்போ ஒரு எழுத்து உட்டுட்டாரு. அதுக்கு இன்னா இப்போ?” என்றேன். நீ விடவில்லை. “ஒரு வாட்டி போயி பாத்துட்டு வந்துடலாம்மா. நல்லா இருந்தா திரும்பி வந்துக்கலாம்” என்றாய். எனக்குக் கோபம் வந்தது. “நான் அஞ்சாவது பாஸ் பண்ணவ. நீ நாலாவது. எனக்குப் படிக்கச் சொல்லித் தரியா? போய்க் காயப் பறி” என்றேன்.

நீ போய்ப் பறித்தாய். பந்தலுக்குக் கீழே அழுதுகொண்டே பறித்தாய் என்று ரத்னம்மா பின்னால் சொன்னாள். அதை உன்னிடம் இதுவரை நான் சொன்னதில்லை. என் தாய் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் பெண்பிள்ளை நான். அந்த மிதப்பு என்னை விட்டுப் போனதே இல்லை. அதற்குமேல் அந்தப் பந்தல் மீது இருந்த பெருமை. இரண்டும் சேர்ந்து கண்ணை மறைத்துவிட்டன. வியாழக்கிழமை காலை மங்கம்மா தலையில் எப்போதையும்விடப் பெரிய கூடை போயிற்று.

வெள்ளி போயிற்று. சனிக்கிழமை அவர் வரவில்லை. பரீட்சைத் தாள் இருக்கும் என்றேன். நீ வாசலிலேயே நின்றாய். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, திருப்பதி பக்கம் ஊழியத்துக்குப் போய்வந்த உபதேசியார் என்னைப் பார்த்துத் திகைத்து நின்றார். “இன்னாம்மா, நீங்க இங்க கீறீங்க? வாத்தியாரு முதுகுல ராஜபிளவக் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில அறுத்துப் போட்டுக்கிறாங்களே. உங்களுக்குச் சீட்டு அனுப்பினதா நாயுடுகாரு சொன்னாரே” என்றார். உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ முன்பே தெரிந்தவள் போல என் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடக்க ஆரம்பித்தாய்.

அந்த ரயில் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ‘நான் சொன்னேன் இல்ல’ என்று சொல்ல உனக்கு முழு உரிமை இருந்தது, நான் உன் வயதில் இருந்தால் பத்து தடவை சொல்லியிருப்பேன். பாகாலாவில் வண்டி அரை மணி நின்றது. பலகையில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கர்த்தர் என்னை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கவைக்கிறார் என்று நினைத்தேன். நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு என் புடவைத் தலைப்பைப் பிடித்தபடி இருந்தாய். சந்திரகிரி தாண்டும்போது மட்டும், “அம்மா, நைனாவுக்கு ஒண்ணும் ஆவாது” என்றாய். எனக்கு ஆறுதல் சொன்னாய். அதற்கு நான் நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

போய்ப் பார்த்தால் அவர் குப்புறக் கிடந்தார். முதுகில் என் உள்ளங்கை அகலத்துக்குக் கட்டு. அந்தக் காலத்தில் சர்க்கரைக்காரனுக்கு ராஜபிளவை வந்தால் சவப்பெட்டி செய்யச் சொல்லிவிடுவார்கள். பிழைத்தார் என்றால், முதலில் ஆண்டவர், அடுத்து நாயுடுகாரு. புதன்கிழமை காய்ச்சலில் பிதற்றினவரைத் தன் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் அவர். பெண்டாட்டி வருவாள் வருவாள் என்று பார்த்து, கூடை நிறையப் பாகற்காய் வந்து இறங்கியும் மனுஷன் என்னைத் திட்டவில்லை. “டாக்டரம்மா மாதிரி மருந்து அனுப்பிச்சாங்க, இதுல ஏதோ விஷயம் உந்தி, இருக்கு அனி நான் நினைச்சேன்” என்றார். டாக்டரிடம் கேட்டு, அதை வேகவைத்துப் பிசைந்து கஞ்சியோடு ஸ்பூனால் ஊட்டியிருக்கிறார். வேற்று ஜாதி, வேற்று மதம், வேற்று பாஷை. வாடகைக்கு இருந்தவரின் சீழ்த் துணியை அந்தக் குடும்பம் துவைத்துப் போட்டது. உன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கிறது.

அங்கே இருந்த டாக்டர் என்னிடம் காயை எப்படிச் சமைக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டியிருக்கிறீர்கள் அம்மா” என்றார். பிறகு பொறுமையாக விளக்கினார். பாகற்காய் நல்ல காய், சர்க்கரையை மட்டுப்படுத்த உதவும், வயிற்றுக்கும் நல்லது. ஆனால் அது கூட நடக்கிற ஆள்தான், மூட்டை தூக்குகிற ஆள் இல்லை. சோற்று அளவு, நடை, மதராஸிலிருந்து வரவழைக்கிற ஊசி, மாதப் பரிசோதனை, எல்லாம் சேர்ந்துதான் மனுஷனைக் காப்பாற்றும் என்றார். இந்த வெல்லக் கதையை நானே எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். பெரிய தப்பை மறைக்கச் சின்னத் தப்பை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தேன் என்பது உனக்குத் தெரியாது.

எட்டாம் நாள் காய்ச்சல் விட்டது. அவரை ஒருக்களித்து உட்காரவைத்தார்கள். நாயுடுகாரு பக்கத்தில் இருந்தார். நீ கஞ்சித் தூக்கைப் பிடித்துக்கொண்டு கட்டிலின் கால்மாட்டில் நின்றாய். உன் நைனா என்னைப் பார்த்துக் கேட்டார், சண்டையாகக் கேட்கவில்லை, தழுதழுத்துக் கேட்டார். “புதன்கெழமையே சீட்டு அனுப்பினாராமே. ஞாயித்துக்கெழம வரைக்கும் வரலியே நீ. நான் செத்துப்போயிருந்தா?” எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லத்தான் திறந்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கே சொல்லிக்கொள்கிறேன். வந்தது இது: “சீட்ட இவதாங்க படிச்சா. பாகலேதுன்றத பாகல் இல்லன்னு படிச்சிட்டா, சின்னப் புள்ளதான.”

நாயுடுகாரு தலையில் கையை வைத்துக்கொண்டு சிரித்தார். உன் நைனா ஒரு கணம் விழித்துவிட்டு, பிறகு சிரிக்க ஆரம்பித்தார். எட்டு நாள் கழித்து முதல் சிரிப்பு. தையல் வலித்தது, “ஐயோ” என்றுகொண்டே சிரித்தார். நர்சு ஓடி வந்து பார்த்துவிட்டு, சிரிக்கட்டும், நல்லதுதான் என்றாள். அந்தச் சிரிப்பை எப்படி நிறுத்துவேன்? அதுதான் நான் எனக்குச் சொன்ன சாக்கு. நீ தூக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாய். நான் அவர் போர்வையைச் சரிசெய்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று சொல்வார்கள். நான் ஒரு கூடைப் பாகற்காயைப் பெற்ற பெண்ணின் தலையில் மறைத்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு வெல்லம் நின்றது. உப்புப் போட்டுப் பிசறி, பிழிந்து, மெல்லிய வளையமாக நறுக்கி, நல்லெண்ணெய் ஒரு கரண்டியில் மிளகாய்த்தூளோடு வாட்டித் தட்டில் வைத்தேன். அவர் தட்டைத் தள்ளினார். பிறகு உன்னைப் பார்த்து, “தப்பாப் படிச்சவ நீ, துன்றது மட்டும் நானா? வா இங்க, பக்கத்துல உக்காரு. அபராதம். நீ ஒண்ணு துன்னா நான் ஒண்ணு துன்றேன்” என்றார். விளையாட்டுக்குச் சொன்னதுதான். நீ உட்கார்ந்தாய். கண்ணில் தண்ணீர் வர மென்று விழுங்கிவிட்டு, “மொதல் கவளத்துலயே துன்னுட்டா அப்புறம் துன்றதெல்லாம் தித்திக்குது நைனா” என்றாய். அவரும் வாயில் போட்டார். அன்று ஆரம்பித்தது, நீ பயிற்சிப் பள்ளிக்குப் போகிறவரை எட்டு வருஷம் நடந்தது. கொல்லையில் பந்தல் காயவே இல்லை. மாதப் பரிசோதனைக்கு நீதான் நாள் பார்த்து அவரை அனுப்பினாய். கண்ணாடிக் குழாயில் மருந்து செங்கல் நிறத்திலிருந்து மஞ்சளுக்கும், பச்சைக்கும், ஒரு நாள் அப்படியே நீலமாகவும் நின்றபோது நீ ஆஸ்பத்திரியிலேயே குதித்தாயாம். உன் நைனா தன் காலால் நடந்து உன்னைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்றால் அது அந்த எட்டு வருஷத்தால். அதை நினைத்து நான் தினமும் முழங்காலில் நின்று நன்றி சொல்கிறேன். ஆனால் நீ செய்யாத தப்புக்கு அபராதம் கட்டிக்கொண்டிருந்தாய், அதையும் நான்தான் தட்டில் பரிமாறினேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருஷத்தில் நான் ஒரு துண்டு பாகற்காய்கூடத் தின்றதில்லை. எனக்குக் கசப்பு ஆகாது.

உன் பதினேழாவது வயதில் கிறிஸ்துமஸ் விருந்துக்கு உன் பெரியப்பா வந்திருந்தபோது, “எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவ டீச்சருக்குப் படிக்கப் போறாளாம்” என்று கேலி செய்தார். உனக்கு முகம் சிவந்தது. நீ என்னைப் பார்த்தாய். நான் குழம்பைப் பார்த்தேன். அன்று சொல்லியிருக்க வேண்டும். அதைவிட மோசம் அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பெண்கள் கூட்டத்தில் சாட்சி சொல்ல உன்னை எழுப்பினார்கள். “சின்ன வயசுல நான் ஒரு சீட்ட சரியா படிக்காததால எங்க நைனா சாகப் பாத்தாரு. அதனாலதான் புள்ளைங்களுக்கு ஒழுங்கா படிக்கச் சொல்லிக் குடுக்கணும்னு எனக்கு ஆச வந்துது” என்று நீயே சொன்னாய். எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். நீ என்னைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னாயா, அல்லது இத்தனை பேர் இத்தனை முறை சொன்னதில் உனக்கே அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டதா? கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் உன் நைனாவிடம் சொல்லிவிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு, “கொழந்த சொல்லிச்சா? ஒடம்பு நல்லால்லன்னு சொல்லிச்சா?” என்றார். சொல்லிச்சி என்றேன். “சரியாவா சொல்லிச்சி?” எழுத்துக்கு எழுத்து சொல்லிச்சி என்றேன். கையைக் கழுவிவிட்டு எழுந்துபோய்விட்டார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதது எனக்கு நல்லதாகத்தான் இருந்தது, அது எனக்கு வர வேண்டிய பாக்கி. நேற்றுக் காலை தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், இன்னொரு தட்டை எடுத்து எதிரே வைத்து, “உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஒரு துண்டு வைத்தார். தின்றேன். கிருபா, எட்டு வருஷம் இதை எப்படியம்மா தின்றாய்? எனக்கு அழுகை வந்தது, கசப்பால் மட்டும் இல்லை. அவருக்கும் வந்தது. “ஆஸ்பத்திரியில அந்தப் புள்ள மூஞ்ச நான் பாத்திருக்கணும். சிரிச்சிக்கினே இருந்துட்டேன்” என்றார்.

விருந்தில் கதை உண்டு. ஆனால் அவர் சொல்லப் போவதில்லை, நான் சொல்வேன். “உன்னால முடியாது, அழுதுடுவ” என்கிறார். அழுதால் அழுகிறேன், அழுதுகொண்டே சொல்கிறேன். உன் மாமனார், மாமியார், பெரியப்பா, நாயுடுகாரு எல்லாரும் கேட்கட்டும். உனக்குச் சொல்ல வைத்திருந்த புத்திமதியெல்லாம் இதை எழுதியதில் தீர்ந்துவிட்டது. ஒன்றுதான் மிச்சம். உன் வீட்டில் உன்னைவிடச் சின்னவர்கள் ஏதாவது சொன்னால், அது எந்தப் பாஷையானாலும், ஒரு நிமிஷம் நின்று கேள். நான் நிற்கவில்லை. அப்படியும் ஆண்டவர் புருஷனையும் கொடுத்தார், இப்படி ஒரு மகளையும் கொடுத்தார். எனக்குக் கிடைத்தது என் தகுதிக்கு மேல்.

எனக்காகத்தான் நீ இத்தனை வருஷம் வாய் திறக்கவில்லை என்றால், உன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டியவள் நான், பெற்றவள் என்ற வெட்கமெல்லாம் எனக்கு இல்லை. அப்படி இல்லாமல் நிஜமாகவே மறந்துபோய், தப்பு உன்னுடையது என்று நம்பிக்கொண்டிருந்தாய் என்றால், இந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். யார் கேட்டாலும் எடுத்துக் காட்டு. அன்று அந்தச் சீட்டைக் கையில் கொடுத்த நானே என் கைப்பட எழுதித் தருகிறேன்: நீ சரியாகத்தான் படித்தாய்.

உன்னைப் பெற்றதற்கு நன்றியுள்ள,
அம்மா